வில்லங்கத்தில் வராதது

எங்கள் பக்கத்தில் ஒத்தி என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வீட்டில் குடியேறலாம். மாத வாடகை கிடையாது. கெடு முடிந்ததும் தொகையைத் திருப்பி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். வட்டிக்கும் வாடகைக்கும் சரியாய்ப் போச்சு என்பார்கள். சென்னைக்காரர்கள் இதையே லீஸ் என்கிறார்கள். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் அனுபவ அடமானம் என்று இதற்கும் ஓர் இடம் உண்டு. மூலப்பத்திரத்தை வைத்து வாங்கும் கடன் தவிர, நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள எந்த அடமானத்தையும் பதிந்தாக வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். செலவுக்குப் பயந்து பலர் பதிவதில்லை. முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரம் எழுதுகிறவன். வீடு வன்னியம்பட்டியில். கிரயம் எழுத வருகிறவர் முகம் ஒரு மாதிரி இருக்கும், ஒத்தி எழுத வருகிறவர் முகம் வேறு மாதிரி. பின்னவர் வீட்டில் ஏதோ ஒரு செலவு முந்திக்கொண்டு வந்து நிற்கிறது என்று அர்த்தம். பெண்ணுக்குக் கல்யாணம், மதுரை ஆஸ்பத்திரி, மில்லில் ஆட்குறைப்பு. இந்தப் பட்டியலில் சமீப வருஷங்களில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது. பையன் வெளிநாட்டில் படிக்கப் போகிறான்.

*

தங்கை மகள் தென்கொரியாவில் தேஜோன் நகரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். கைஸ்ட் என்கிற அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் இருக்கும் ஊர். இங்கே சாயங்காலம் ஆறரை என்றால் அங்கே இரவு பத்து. அந்த நேரத்தில்தான் கூப்பிடுவாள்.

“மாமா, இங்க ஒரு வீட்டுக்காரம்மா வாடகையே வேண்டாங்கிறாங்க. மொத்தமா ஒரு தொகை கேக்குறாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அப்படியே திருப்பித் தந்துருவாங்களாம். ஏமாத்து வேலையா இருக்குமோ?”

“ஏமாத்தெல்லாம் இல்ல தாயி. அது ஒத்தி.”

சிரித்தாள். அங்கே அதற்கு ஜொன்செ என்று பெயர். வீட்டு விலையில் பாதிக்கு மேல், சில இடங்களில் முக்கால் பங்குகூடக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது. 1981-இல் குடியிருக்கும் வீடுகளுக்கென்று ஒரு குத்தகைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1989 முதல் கெடு குறைந்தது இரண்டு வருஷம். 2020 முதல் குடியிருப்பவர் கேட்டால் இன்னும் ஒரு தடவை நீட்டிக் கொடுக்க வேண்டும், தொகையையும் 5 சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியாது. உலகத்தில் வேறெங்குமே இல்லாத ஏற்பாடு என்று அவளோடு படிக்கும் கொரியப் பிள்ளைகள் பெருமையாகச் சொன்னார்களாம். தென் அமெரிக்காவில் பொலிவியாவிலும் இதே போல ஒன்று உண்டு. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம், வன்னியம்பட்டி விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி டீக்கடையில் விசாரித்திருந்தால் போதும்.

ஏன் அங்கேயும் இது முளைத்தது என்று யோசித்தால் காரணம் இங்கே உள்ளதுதான். அறுபது எழுபதுகளில் அந்த நாட்டு வங்கிகளின் பணம் முழுக்கத் தொழிற்சாலைகளுக்குப் போனது. சாதாரண ஆளுக்கு வீட்டுக் கடன் குதிரைக்கொம்பு. குடிவருகிறவன் கொண்டுவரும் பணம்தான் வீட்டுக்காரனுக்குக் கடன். அந்தப் பணத்தில் அவன் இன்னொரு வீடு கட்டினான்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது ஒன்று உண்டு. வீடு பார்க்கப் போகிறவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, வீட்டுக்காரர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறார். கணக்குப்படி பார்த்தால் கடன் கொடுக்கப் போகிறவர் அவர். கைகட்டி நிற்க வேண்டியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

*

போன புதிதில் அவள் கோஷிவோன் என்கிற ஒன்றில் இருந்தாள். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்காக வந்த அறைகள், இப்போது கையில் காசு குறைந்த எல்லோருக்கும். முன்பணம் கிடையாது. பொதுச் சமையலறையில் சோறும் கிம்சியும் சும்மாவே இருக்கும். கொரியர்கள் இடத்தைப் ப்யோங் கணக்கில் சொல்வார்கள். ஒரு ப்யோங் சுமார் 3.3 சதுர மீட்டர், பன்னிரண்டு சேர்ந்தால் நம் ஊரில் ஒரு சென்ட். அவள் அறை இரண்டு ப்யோங்குக்கும் கீழே.

வீடியோவில் காட்டினாள். கட்டிலின் கால்மாட்டுக்கு மேலே மேசைப் பலகை நீட்டிக்கொண்டிருந்தது. படுத்தால் முழங்கால் வரை மேசைக்கு அடியில் போய்விடும். சன்னல் எங்கே என்று கேட்டேன். போனைத் திருப்பினாள். சன்னல் இருந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. அது நடைபாதையாம். வெளியே பார்க்கும் சன்னல் உள்ள அறைக்கு ஒரு விலை, நடையைப் பார்க்கும் சன்னலுக்கு ஒரு விலை, சன்னலே இல்லாததற்கு ஒரு விலை.

வெளிச்சத்துக்குத் தனி ரேட் போட்ட ஊரை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அவள் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

*

ஜொன்செக்கு வருவோம். “வில்லங்கம் பார்த்தியா?” என்று கேட்டேன். போனிலேயே 700 வோன் கட்டிப் பார்த்திருக்கிறாள். நம் ஊரில் பதிவுத் துறை இணையதளத்தில் சும்மாவே பார்க்கலாம். அவர்கள் தாளில் மூன்று பாகம். முதல் பாகத்தில் சொத்து விவரம், இரண்டாவதில் யார் உடைமை, மூன்றாவதில் அடமானம் முதலான மற்ற பாத்தியங்கள். மொழிபெயர்த்து அனுப்பினாள். இத்தனை வருஷம் பார்த்த வேலையை வேற்று மொழியில் பார்ப்பதற்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வங்கி அடமானம் ஒன்று பதிவாகியிருந்தது. அங்கே வங்கிகள் கொடுத்த கடனைவிட ஐந்தில் ஒரு பங்கு கூட்டித்தான் பதிவு செய்யும், வட்டி ஏறினாலும் தன் பங்குக்குள் அடங்க வேண்டும் என்பதற்காக. கெட்டிக்காரர்கள்.

அது ஒரே ஆளுக்குச் சொந்தமான மூன்று மாடிக் கட்டடம், உள்ளே பல குடித்தனம். எனக்கு அங்கேதான் உறைத்தது. ஒவ்வொரு குடித்தனமும் ஒரு தொகை கொடுத்திருக்கும். அது எதுவும் இந்தத் தாளில் இல்லை. நம் ஊரிலும் இதே கதைதான். வில்லங்கச் சான்று என்பது பதிந்தவற்றின் பட்டியல். பீரோவில் பூட்டி வைத்த ஒத்திப் பத்திரம் அதில் எப்படி வரும்?

கொரியர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். குடியேறியதும் வட்டார அலுவலகத்தில் குடிவந்ததைப் பதிந்துவிட்டு, ஒப்பந்தத்தின் மேல் ஒரு தேதி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டணம் 600 வோன், நம் காசுக்கு முப்பத்தைந்து நாற்பது ரூபாய். வெளிநாட்டு மாணவர்கள் முகவரி மாறியதை அறிவித்தால் அதுவே குடிவந்த பதிவுக்குச் சமம். வீடு ஏலத்துக்குப் போனால் அந்தத் தேதி வரிசைப்படிதான் பணம். அவளுக்கு முன்னால் தேதி வாங்கிய மேல்மாடிக்காரர், பக்கத்து அறைக்காரர், வங்கி எல்லோருக்கும் கொடுத்தது போக மிச்சம் இருந்தால் அவளுக்கு.

மாடிப்படியில் எதிர்ப்பட்டால் தலையசைத்துவிட்டுப் போகிற மனிதர்களோடு இப்படி ஒரு வரிசையில் நிற்கிறோம் என்பது அந்தக் கட்டடத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? யாருக்கு முன்னால் யார் என்று சொல்லும் தாள் மட்டும் எங்கேயோ ஓர் அலுவலகத்தில் இருக்கிறது.

*

அந்த நாட்டில் இது பெரிய நாசத்தில் போய் முடிந்திருக்கிறது. 2022 அக்டோபரில் ஒருவர் இறந்துபோனார். அவர் பெயரில் 1,139 வீடுகள். எல்லாம் குடியிருப்பவர்கள் கொடுத்த ஜொன்செத் தொகையைக் கொண்டே வாங்கியவை. பணத்தைத் திருப்பிக் கேட்க ஆள் இல்லை. வீட்டு விலை இறங்கியதும் இதேபோல ஒவ்வொன்றாக வெளியே வந்தது. 2023 தொடக்கத்தில் இஞ்சியோன் நகரத்தில் சில இளைஞர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்த வருஷம் ஜூனில் தனிச் சட்டம் போட்டார்கள். ஏமாந்தவர்கள் என்று அரசு ஒப்புக்கொண்டவர்கள் மட்டும் 30,000-க்கு மேல், பெரும்பாலோர் நாற்பது வயதைத் தாண்டாதவர்கள். தேஜோனும் அடிபட்ட ஊர்களில் ஒன்று.

இதில் ஒரு நுணுக்கம் என்னை வெகுநேரம் உட்கார வைத்தது. குடிவந்த பதிவு அன்றைக்கே பலிக்காது, மறுநாள் பிறந்த பிறகுதான் பலிக்கும் என்று அந்தக் குத்தகைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. வங்கி அடமானமோ பதிந்த அன்றே பலிக்கும். காலையில் சாவியைக் கொடுத்துவிட்டு மத்தியானம் வங்கிக்குப் போய் வீட்டை அடமானம் வைத்தவர்கள் இருந்தார்கள். குடிவந்தவர் அன்று இரவு தூங்கி எழுவதற்குள் வரிசையில் ஓரிடம் பின்னால் போயிருப்பார்.

2023-லிருந்து வீட்டுக்காரர் ஒப்பந்தம் போடும்போதே மற்ற குடித்தனங்களின் தேதி விவரத்தைக் காட்ட வேண்டும். கேள் என்றேன். தயங்கினாள். “சந்தேகப்படுறோம்னு நெனைக்க மாட்டாங்களா மாமா?” பத்திரம் எழுத வருகிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. சொந்தக்காரர் வீடுதானே, வில்லங்கம் எதுக்கு, மனசு கோணும் என்பார்கள். மனம் கோணுவது ஒரு வாரம். வழக்கு முன்சீப் கோர்ட்டில் எத்தனை வருஷம் இழுக்கும் என்பது எனக்குத் தெரியும்.

கேட்டாள். அந்த அம்மா ஒன்றும் நினைக்கவில்லை, தாளை எடுத்து நீட்டிவிட்டாராம். எல்லாத் தேதியும் இவளுக்கு முந்தியவை. கூட்டிப் பார்த்தால் கட்டடத்தின் விலைக்குப் பக்கத்தில் வந்தது. வேண்டாம் என்றேன். மாத வாடகை வீடு எடுத்தாள். 50 லட்சம் வோன் முன்பணம், நம் பணத்தில் சுமார் 3 லட்சம். முன்பணத்தைக் கூட்டினால் வாடகை குறையும், அதெல்லாம் பேரம்தான். சின்ன முன்பணம் என்றால் ஏலத்தில் ஒரு குறிப்பிட்ட அளவுவரை வரிசையைத் தாண்டி முதலில் கொடுக்க வேண்டும் என்று அங்கே ஒரு பிரிவு இருக்கிறது. ஏழை கொடுத்த பணத்துக்குத் தேதி பார்க்காத சட்டம். அதை எழுதியவர் யாரோ, கையெடுத்துக் கும்பிடலாம்.

*

வீடு மாறுவதற்கு நாள் பார்க்கும் வழக்கம் அங்கேயும் உண்டு. சந்திர மாதக் கணக்கில் 9, 0 என்று முடியும் நாட்களில் கெட்ட ஆவிகள் பூமியில் இருக்காதாம். அன்றைக்குச் சாமான் ஏற்றும் வண்டிக்குக் கூலி கூடுதல். புது வீட்டுக்குள் முதலில் சோற்றுப் பானையைக் கொண்டுபோய் வைப்பார்கள், இப்போது அது கரண்ட் குக்கர். தங்கை போனில் பால் காய்ச்சச் சொன்னாள். மருமகள் குக்கரையும் வைத்துப் பாலையும் காய்ச்சினாள். அடியில் சூடு ஓடும் தரை, பாய் விரித்துத்தான் படுக்கிறாளாம்.

*

எதிர்வீட்டுத் தம்பி ராஜபாளையத்தில் நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மகன் ஜெர்மனியில் கெம்னிட்ஸ் என்கிற ஊரில் இயந்திரவியல் படிக்கிறான். ஒரு காலத்தில் நெசவு இயந்திரம் செய்த ஊர் அது. விசாவுக்கு முன்பே 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து அதுதான் அளவு. மாதம் 992 யூரோவாகப் பையனுக்கே திரும்பி வரும். அவன் பணம்தான், ஆனாலும் மொத்தமாகக் காட்ட வேண்டுமே. ஏறக்குறைய 12 லட்சம். தம்பி தன் வீட்டை 6 லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டார். மீதிக்கு வங்கியில் கல்விக்கடன். புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போனார்கள். ஐம்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக வாடகை வீடு.

பையன் அனுப்பிய ஒப்பந்தத்தையும் நான் படித்தேன். வெறும் வாடகை ஒன்று, குளிர்காலச் சூடு, தண்ணீர், குப்பை எல்லாம் சேர்த்த வாடகை ஒன்று. முன்பணம் வெறும் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக்கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். வீட்டுக்காரர் அதைத் தன் பணத்தோடு கலக்காமல் தனிக்கணக்கில் வைக்க வேண்டும். நம் மாநிலத்தில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் மூன்று மாதம் என்றுதான் சொல்கிறது, மாறாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் என்ற வார்த்தையோடு. அந்த ஒரு வார்த்தைக்குள் சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் தாராளமாக நுழைந்து போகும்.

குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் பதிய மாட்டார்கள். அங்கே ஃபிளாட்டுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர்தான் அடையாளம், பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். அவர்களுக்குக் குடும்பப் பெயர் வேண்டும். நமக்கு அது இல்லாததால் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்துப் போட்டிருக்கிறார்கள். பையன் பெட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அதில் இருப்பது தம்பியின் பெயர். தம்பிக்கு வருகிற கடிதங்களோ ஒத்திக்கு இருக்கிறவர் வீட்டில் விழுகின்றன. சாயங்காலம் அவர் எடுத்து வைத்திருந்து கொடுப்பார்.

*

புதிய வீடு கிடைப்பதற்கு முன் அந்தப் பையன் பல வீடுகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். பதிலே வரவில்லை. நேரில் போன ஓரிடத்தில், சமையல் வாசனை எங்களுக்கு ஆகாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். தம்பிக்கு அது ஆறவே இல்லை. “என்ன அண்ணாச்சி, நாம என்ன அவ்வளவு மட்டமா?” என்றார்.

இதே தம்பி தன் வீட்டை ஒத்திக்கு விடும்போது வந்தவர்களிடம் “நீங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டார். ஊர் பெயர் சொன்னவரிடம் மறுபடியும், “இல்ல, நீங்க எந்த ஆளுக?” என்று கேட்டார். நானும் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பதில் கேட்டுவிட்டு வந்தவரிடம், யோசித்துச் சொல்கிறேன் என்றார். வந்தவருக்கும் புரிந்துவிட்டது, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். எங்கள் பக்கத்தில் இது அதிசயம் இல்லை.

அம்பேத்கர் 1921, 22-இல் லண்டனில் படித்தபோது கிங் ஹென்றி சாலை 10-ஆம் எண் வீட்டில் குடியிருந்தார். மகாராஷ்டிர அரசு 2015-இல் அதை விலைக்கு வாங்கி நினைவிடமாக்கியது. அதற்கு முன் 1917-இல், கொலம்பியாவில் படித்து முடித்துவிட்டுப் பரோடா சமஸ்தானத்து வேலைக்கு வந்த அதே மனிதருக்கு ஊருக்குள் ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து துரத்தினார்கள். லண்டனிலும் கறுப்பர்களுக்கு வீடு இல்லை என்று பலகை மாட்டிய காலம் பின்னால் வந்தது. வாடகை வீட்டுக்கும் நிறவேற்றுமைத் தடையை நீட்டிய சட்டம் அங்கே 1968-இல்தான் வந்தது. நம் ஊர்த் திண்ணைக் கேள்விக்குப் பலகை தேவைப்படவில்லை.

தம்பியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. கெம்னிட்ஸ் வாசலில் அவர் மகன் கேட்ட பதிலை ஒரு நாள் அவரே தன் வாசலோடு சேர்த்துப் பார்ப்பார் என்று நம்புவதற்கும் எனக்குப் பெரிய ஆதாரம் ஒன்றும் கிடையாது.

*

போன வாரம் தம்பியும் ஒத்திக்கு இருக்கிறவரும் சேர்ந்தே என் மேசைக்கு வந்தார்கள். கெடு தை மாதம் முடிகிறது. பையன் படிப்பு முடிய இன்னும் ஆகும், ஒரு வருஷம் நீட்டி எழுத வேண்டும். முதல் பத்திரம் அவர்களாகவே எழுதிக்கொண்டது, பதியாதது. ஒத்திக்காரர் அரசுப் பேருந்தில் கண்டக்டர். கொரியாக் கதையை டீக்கடையில் நான் சொல்லக் கேட்டவர். இந்தத் தடவை பதிந்துவிடுவோம் என்றார்.

முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 6 லட்சத்துக்கு 30,000 ரூபாய். “பையன் ரூம் வாடகை ஒரு மாசத்துக்கு ஆச்சே” என்று தம்பி முணுமுணுத்தார். இரண்டு பேரும் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்து பாதிப் பாதி என்றார்கள்.

“மூலப்பத்திரத்தை எடுத்துட்டு வாங்க” என்றேன்.

“அது பேங்க்ல இருக்கே அண்ணாச்சி. கல்விக்கடனுக்குக் கொடுத்தேன்ல.”

கண்டக்டர் என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டரில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். மூலப்பத்திரம் ஒப்படைத்துக் கடன் பெற்ற ஆவணம் ஒத்திக்கு ஒன்றரை மாதம் கழித்துப் பதிவாகியிருந்தது. ஒத்தியைப் பற்றி ஒரு வரி இல்லை. வங்கிக்காரர்கள் வீட்டைப் பார்க்க வந்தபோது, வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

“அது படிப்புக் கடன்தானே, வீட்டுக் கடன் இல்லையே” என்றார் தம்பி. அவர் மனசில் கள்ளம் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

“அப்ப எனக்கு முன்னாடி பேங்க்கா?” என்று கேட்டார் கண்டக்டர்.

“பணம் கொடுத்த தேதிப்படி நீங்க முன்னாடி. பதிஞ்ச தேதிப்படி பேங்க்.”

இனிமேல் பதிய வேண்டுமென்றால் வங்கியிடம் தடையில்லாச் சான்று வேண்டும். அதைக் கேட்கப் போனால் ஒத்தி விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மூன்று பேரும் வியாழக்கிழமை காலை மேனேஜரைப் பார்ப்பது என்று முடிவு. தம்பி அன்றைக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்கிறேன் என்றார்.